எத்துறை பயில்வது?

பல்கலைக்கழகத்தினுட் புதிதாகப் புகும் மாணவர் ஒவ்வொருவரையும் எதிர்நோக்கி நிற்கும் வினா ஒன்றுண்டு. எப்பாடத்தைச் சிறப்பாகப் பயில்வது, அதனைக் கொண்டு எத்தொழிலிற் புகுவது என்பதே அது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் முதற் பிள்ளைகளை இன்றுங் காணலாம். கேட்டறிதற்கு முன்சென்றவர் வீட்டில் இல்லாமையால் இவ்வினா அவர்களுக்குப் பெரும்பாரமாகின்றது. ஆகவே, நேயர்களே, அதனைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டில் இத்தெரிவின் ஒரு பகுதி முன்னரே முடிந்துவிடுகின்றது. சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் மாணவர் உயிரியல், பௌதிக விஞ்ஞானம், வர்த்தகம், கலை, தொழினுட்பம் முதலிய பிரிவுகளுள் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். பின்னர் உயர்தரப் பரீட்சையிற் பெறும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அவர் பயிலும் இடத்தையும் நெறியையும் பெரும்பாலும் வரையறுத்துவிடுகின்றன. மருத்துவம் விரும்பிய ஒருவர் மயிரிழை வேறுபாட்டால் விஞ்ஞான பீடத்தையோ விவசாய பீடத்தையோ அடைகின்றார். கிட்டாததை எண்ணி ஏங்குவதிலே முதலாண்டைக் கழிப்பாராயின், கையில் எஞ்சியுள்ள தெரிவையும் அவர் இழப்பார்.

எஞ்சிய தெரிவு யாது? கலை, விஞ்ஞானத் துறைகளிலே மூன்றாண்டுப் பொதுப் பட்டமும் நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் என இருவகை வழங்கப்படுவதுண்டு. சிறப்புப் பட்டத்திற்கு உரியோர் தொடக்க ஆண்டுகளின் பெறுபேறுகளைக் கொண்டே பெரும்பாலும் தெரியப்படுகின்றனர். ஆதலின், துறையைத் தெரிந்தபின் உழைப்போம் என்பது பொருந்தாது. முன்பே உழைத்தவர்க்கே தெரியும் உரிமை வாய்க்கின்றது.

இனி, எதனை அளவுகோலாகக் கொள்வது? அரசாங்க உத்தியோகம் எதனாற் கிடைக்கும் என்பதே பலர் கேட்கும் கேள்வி. நிலையான வேதனத்தை நாடுதல் குற்றமன்று. ஆயின் இன்றுள்ள வெற்றிடம் நான்காண்டு கழித்தும் இருக்குமென்பதற்கு உறுதியில்லை. 2017ஆம் ஆண்டிலே வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு நகரிற் பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். பட்டம் ஒன்றே வேலையைக் கொணரும் என்னும் நம்பிக்கை எத்துணைத் துயரில் முடியக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

பட்டத்தின் பெயரை நோக்காது, அத்துறையினர் நாள்தோறும் செய்யும் வேலையை நோக்குதலே தக்கது. நம் வாவியையே எடுத்துக்கொள்வோம். மாரியில் வெள்ளம் பாயும்போது வாவிநீரின் உவர்ப்புக் குறைகின்றது, கோடையிற் கூடுகின்றது. அதனை அளந்தறிபவர் இரசாயனவியல் கற்றவர். அம்மாற்றத்தை மீனும் இறாலும் எவ்வாறு தாங்குகின்றன என ஆராய்பவர் விலங்கியலார். கரையோரக் கண்டற் காடுகளைப் பேணுதற்குத் தாவரவியல் வேண்டும். வயலிலிட்ட உரமும் கிருமிநாசினியும் வாவியிற் கலவாது காத்தற்கு விவசாயக் கல்வி வேண்டும். பிடித்த மீனைப் பழுதுறாது சந்தை சேர்த்துக் கணக்கு வைத்தற்கு முகாமைத்துவம் வேண்டும். மீனவரின் சொற்களையும் வழக்காறுகளையும் தொகுத்தற்கு மொழியறிவு வேண்டும். இவற்றுள் எது உயர்ந்தது என்பதன்று வினா. எவ்வேலையைச் சலியாது செய்ய என்னால் இயலும் என்பதே ஒவ்வொருவரும் தம்மைக் கேட்க வேண்டுவது.

ஒரு துறையைத் தெரிந்தால் மற்றவை அடைபட்டுவிடும் என அஞ்சவும் வேண்டா. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் முதலிற் பயின்றது விஞ்ஞானம். 1916இல் விஞ்ஞான தராதரப் பத்திரம் பெற்ற அவர், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றிய அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தினதும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், பழந்தமிழிசையைக் கணிதங்கொண்டு ஆராய்வது. கற்ற விஞ்ஞானம் தமிழாராய்ச்சியில் வீண்போகவில்லை, அதற்குத் துணையாயிற்று.

முதலாண்டு மாணவர் செய்யத்தக்கவை சில. விரும்பும் பாடத்தின் இறுதியாண்டுப் பாடத்திட்டத்தை இப்போதே வாசித்தல் வேண்டும். முதலாண்டில் இனிக்கும் பாடம் பின்னர் வேறு முகங்காட்டக்கூடும். அப்பாடத்திற் பட்டம்பெற்று இரண்டு மூன்று ஆண்டுகளானவரைக் கண்டு, அவர் இன்று செய்யும் தொழிலைக் கேட்டறிதல் நன்று. விடுமுறையில் ஒரு மாதமேனும் அத்தொழில் நடைபெறும் இடத்தில் வேலை பழகலாம். எத்துறையாயினும் ஆங்கிலமும் கணினிப் பயிற்சியும் உடன்வரல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அயல்வீட்டுப் பிள்ளை பயிலும் பாடம் நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்பது நியதியன்று. பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். அவ்விருப்பத்திற்கு அவர் காட்டும் காரணத்தையும் கேளுங்கள். காரணம் சொல்ல வல்ல பிள்ளை, தன் வழியைப் பாதி கண்டுகொண்ட பிள்ளையாகும்.