பங்கு இருக்கிறது, நாற்காலி?

திண்டுக்கல்லிலிருந்து பழனிச் சாலையில் மேற்கே போனால் ஒட்டன்சத்திரம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் காய்கறி மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். அடுத்தது வெண்ணெயும் நெய்யும். முருங்கைக்காய்க் கட்டும் தக்காளிப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளுக்குப் பின்னால் இன்னொரு ஒட்டன்சத்திரமும் இருக்கிறது. நெய் காய்ச்சும் கூடங்கள், லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், செக்குகள். கொஞ்சம் தள்ளிப் போனால் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். இவற்றில் சிறியவை பெரும்பாலும் ஒரே ஒருவர் பெயரில் நடப்பவை. அவர் உழைத்து உண்டாக்கியது, அவர் பெயரில்தான் லைசென்ஸ், அவர் கையெழுத்தில்தான் செக்.

அந்த ஒருவருக்கு அறுபது வயது தாண்டியதும் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "பையன் என்ன பண்றான்?" பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் என்றால் அடுத்த கேள்வி, "அப்ப மிஷினையெல்லாம் என்ன விலைக்குக் குடுப்பீங்க?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே பில் போட்டு, ஜிஎஸ்டி கட்டி, பாக்கி வசூலைப் பார்த்துக்கொள்ளும் மகள் ஒருத்தி. இருபது வருஷமாக அதே மிஷினில் நின்று, வாடிக்கையாளர் யார் எதைக் கேட்பார் என்று முதலாளியை விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் தொழிலாளி இன்னொருவர். "தொழிலை நீங்க எடுத்து நடத்துறீங்களா?" என்று இவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

வாரிசு இல்லாமல் தொழில் நலிவதற்குத் திண்டுக்கல் வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டு இருக்கிறது. நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, நாகல்நகர் என்று நகரத்தை ஒட்டிய பகுதிகளில் கையாலேயே அராவி, தட்டி, நெம்புகோல் பொருத்திச் செய்த மாங்காய்ப் பூட்டும் மணிப் பூட்டும் ஒரு காலத்தில் கோயில் உண்டியலுக்கும் அரசு அலுவலகத்துக்கும் போயின. 2019 ஆகஸ்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது தொழிலாளர்களின் தொழில் கூட்டுறவுச் சங்கம். ஆனால் அலிகரிலிருந்து மிஷினில் அடித்து வரும் பூட்டோடு விலையில் மோத முடியாத தொழிலில் மகனை உட்கார வைக்கப் பூட்டுக்காரர்களுக்கே மனம் வரவில்லை. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். பூட்டு செய்யத் தெரிந்த அடுத்த ஆளை அது உண்டாக்காது. தகப்பனிடமிருந்து மகனுக்கு என்ற ஒரே தடத்தில் போன கைத்திறன், அந்தத் தடம் அறுந்ததும் தேயத் தொடங்கியது.

மகளுக்குச் சட்டத்தில் உரிமை இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. தகப்பன் தானே சம்பாதித்து உண்டாக்கிய பட்டறை என்றால், உயில் எழுதாமல் அவர் இறந்தால், மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. மகளுக்குப் பங்கில்லாமல் இருந்தது பூர்வீகச் சொத்தில்தான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். சரியாக அறுபது வருஷம் கழித்து, 1989இல், தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு மட்டும் பங்கில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. 2005இல் மத்திய சட்டத் திருத்தம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. தகப்பன் 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமம். முஸ்லிம் குடும்பத்தில் மகன் பங்கில் பாதி மகளுக்கு.

இவ்வளவு இருந்தும் நடைமுறையில் நடப்பது விடுதலைப் பத்திரம். தகப்பன் இறந்து சில மாதங்களில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் அக்கா தங்கைகள் வந்து கையெழுத்துப் போட்டு, "எனக்கு வேண்டாம்" என்று பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகையும் செய்த சீரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பின்னால் பிறந்த வீட்டுக்கு வந்து போக வேண்டும் என்கிற கவலையும் அந்தக் கையெழுத்தில் சேர்ந்திருக்கிறது. வீடும் நிலமும் என்றால் பணத்தோடு போயிற்று. பட்டறை என்றால், அதை நடத்தக்கூடிய ஆளே அந்தக் கையெழுத்தோடு வெளியே போய்விடுகிறார்.

பெரிய இடத்தில் மட்டும் வேறு மாதிரியா? 1911இல் பேருந்துக் கம்பெனியாகத் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனத்தின் பழைய பெயரே 'டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ்'. அவர் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். இருவருமாகச் சேர்ந்து 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனை, பள்ளி, கதர், பிறகு பல்கலைக்கழகம் என்று அது வளர்ந்தது. 1962இல் சௌந்தரம் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி மத்திய துணை அமைச்சராகவும் இருந்தார். ஒரு வறண்ட பூமியில் இத்தனை நிறுவனங்களை எழுப்பி நடத்தத் தெரிந்தவருக்குப் பேருந்துக் கம்பெனி நடத்தத் தெரிந்திருக்காதா என்று திண்டுக்கல்காரர்கள் கேட்டுப் பார்க்கலாம். 2020இல் டிவிஎஸ் குடும்பம் தொழில்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டபோது கையெழுத்திட்டவை சுந்தரம் அய்யங்காரின் நான்கு மகன்கள் வழிவந்த குடும்பங்கள். அந்தக் குடும்பத்திலேயே அடுத்த தலைமுறையில் காற்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: சுந்தரம் கிளேட்டனின் நிர்வாக இயக்குநராக 2022இல் லட்சுமி வேணு வந்தார். அவருடைய அம்மா மல்லிகா சீனிவாசன் 1986இல் தன் தகப்பன் சிவசைலத்தின் டாஃபே டிராக்டர் கம்பெனியில் சேர்ந்தவர். 2005இல் ஐஷர் டிராக்டர் தொழிலை டாஃபே வாங்கியது அவர் காலத்தில்தான். சிவசைலத்துக்கு மகன் கிடையாது. மகன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு பேச்சு.

மகன் இல்லாத இன்னொரு வீட்டில் நடந்தது இது. 1900இல் பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கி, சைக்கிள், உரம், சர்க்கரை என்று விரிந்த முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். மனைவியும் இரண்டு மகள்களும் வாரிசுகள். குழுமத்தின் தலைமை முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் குடும்பத்துக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு. மூத்த மகள் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கும் மேலான ஓட்டு எதிராக விழுந்தது. விவகாரம் நீதிமன்றப் படியேறி, 2023 ஆகஸ்டில் குடும்பச் சமரசத்தில் முடிந்தது. தகப்பன் இறந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு வருஷம்.

பங்கை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுத்தது நாற்காலியை.

தொழிலாளிகள் விஷயத்திலும் இதே முடிச்சு வேறு உருவத்தில் வருகிறது. அதைப் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி, உடுமலை வழியாக மூணாறுக்கு ஏறினால் போதும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் நட்டம் கண்ட டாடா டீ, 2005இல் தோட்டங்களை மூடவோ வெளியாருக்கு விற்கவோ செய்யாமல், தொழிலாளர்களையும் ஊழியர்களையும் பெரும்பான்மைப் பங்குதாரர்களாக்கி 'கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ்' என்ற புதுக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்களானார்கள். இந்தியாவில் தொழிலாளர் கைக்கு மாறிய மிகப் பெரிய நிறுவனங்களில் இதுவும் ஒன்று. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் பேத்திகள். கம்பெனியும் எழுந்து நின்று லாபம் காட்டியது.

பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரர்கள் தங்கள் சொந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்கு எதிரே ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடாமல், ஆயிரக்கணக்கான பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் 'பெம்பிளை ஒருமை' எனத் தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு மூணாறு ரோட்டை மறித்தார்கள். ஒன்பதாம் நாள், போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று அரசு முன்னிலையில் முடிவானது. பங்குப் பத்திரம் கையில் இருந்தும், போனஸ் எவ்வளவு என்று தீர்மானித்த மேஜையில் அவர்களுக்கு இடமில்லை. நிர்வாகம் மேலாளர்கள் கையிலேயே இருந்தது; தொழிலாளர் சார்பில் பேசிய சங்கமும் ஆண்கள் கையில் இருந்தது. பங்கின் எண்ணிக்கைப்படி ஓட்டு போடும் கம்பெனிச் சட்டத்தில், ஆளுக்குச் சில பங்கு வைத்திருப்பவர்கள் தனித்தனியாக நின்றால் குரல் எழும்பாது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு ஓட்டு. 1969இல் கண்ணூரில் வேலை இழந்த பீடித் தொழிலாளர்கள் தொடங்கிய தினேஷ் பீடி அந்த வழியில் போனது; பீடி விற்பனை சரிந்தபோது குடை, உணவுப் பொருள், ஆயத்த ஆடை என்று கிளை விட்டுப் பிழைத்தது.

இரண்டும் ஆயிரக்கணக்கானவர்களின் கதை. ஏழு பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்குக் கூட்டுறவுச் சங்கமும் ஒத்துவராது, பங்குக் கம்பெனி ஏற்பாடும் ஒத்துவராது. அதற்கு நம்மூரிலேயே ஒரு வழி பழக்கத்தில் இருக்கிறது: ஒர்க்கிங் பார்ட்னர். முதல் போட ஒருவர், உழைக்க ஒருவர், லாபத்தில் பங்கு. திருப்பூர்ப் பனியன் தொழிலில் கம்பெனித் தொழிலாளியாக உள்ளே நுழைந்தவர்களே பிறகு இப்படிக் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான வரலாற்றை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் நூலின் தலைப்பிலேயே சகோதரர்களின் முதல் என்ற பொருள் இருக்கிறது. மேலேறியவர்களில் பெரும்பாலோர் ஒரே சாதியைச் சேர்ந்த ஆண்கள். நம்பி முதல் கொடுத்தவரும் கடனுக்கு நூல் கொடுத்தவரும் சொந்தக்காரர், ஊர்க்காரர். அதே மிஷினில் உட்கார்ந்த பெண்ணுக்கும், அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த தலித் தொழிலாளிக்கும் அப்படிக் கை கொடுத்தவர் மிகக் குறைவு.

பெண் பெயரில் தொழில் நடக்கும் பட்டியலையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2015-16 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சிறு, குறுந்தொழில்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பெண்கள் உடைமை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் பொதுப் பிரிவு ஆணுக்கு 25 சதவீத மானியம், பெண்ணுக்கு 35. வங்கிக்குப் போகும்போது மனைவி பெயர், வங்கியிலிருந்து திரும்பியதும் கணவர் தொழில் என்ற ஏற்பாடு எல்லா ஊரிலும் உண்டு. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படும் அந்த முதலாளியம்மாவுக்கு ஒரு நாள் திடீரென்று முழுப் பொறுப்பும் தலையில் விழும்போதுதான் சிக்கல் தெரியும்.

அந்த நாளில் என்னென்ன நடக்கும் என்று சின்ன முதலாளிகள் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. தனி உரிமையாளர் இறந்தால் சட்டத்தின் கண்ணில் அந்தத் தொழிலுக்குத் தனியாக உயிர் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணில் தொங்குகிறது. வாரிசு புதிதாகப் பதிவு எடுத்து, பழைய கணக்கில் நிற்கும் உள்ளீட்டு வரியை ஐடிசி-02 என்ற படிவம் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு நின்றுவிடும். இரண்டு பேர் கூட்டு என்றால், ஒருவர் இறந்ததும் கூட்டே முடிந்துபோகிறது. மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தாலும், 'ஒருவர் மறைந்தாலும் தொழில் தொடரும்' என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கலைந்துவிடும். இறந்தவரின் வாரிசு தானாகப் பார்ட்னர் ஆவதும் இல்லை. முருகப்பா குடும்பம் ஆறு வருஷம் தாங்கியது. பட்டறை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும், பிடித்து வைத்திருந்த ஆளும் போய்விடுவார்.

முதலாளி நடமாட்டமாக இருக்கும்போதே செய்யக்கூடியவை சிரமமானவை அல்ல. தனி உரிமையை மூன்று பேர் கூட்டாகவோ, 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாகவோ மாற்றலாம். எல்எல்பி, பார்ட்னர் இறந்தாலும் நிற்கும். மகளை அதில் பார்ட்னராகச் சேர்ப்பதோடு, செக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தையும் கொள்முதல் பேசும் பொறுப்பையும் இப்போதே கொடுக்கலாம். மூத்த தொழிலாளியிடம் முதல் இருக்காது. அவர் பங்கை வருஷா வருஷம் லாபத்திலிருந்து பிடித்துச் சேர்க்கலாம். பிரிட்டன் 2014இல் இதற்கென்றே ஊழியர் அறக்கட்டளை ஏற்பாட்டையும் வரிச்சலுகையையும் கொண்டுவந்தது. இங்கே அப்படிச் சட்டம் இல்லாததால் எல்லாம் ஆடிட்டர் எழுதும் பத்திரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பத்திரத்தில் தவறாமல் இருக்க வேண்டியது, யாராவது விலகினால் அவர் பங்கை எந்தக் கணக்கில், எத்தனை தவணையில் கொடுப்பது என்ற பிரிவு. கட்டடம் முதலாளி பெயரில் தனியாக இருந்தால் வாடகை எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்பதையும் அதே நாளில் எழுதிவிடுவது நல்லது. பட்டறைத் தகராறுகள் பலவும் மிஷினில் தொடங்குவதில்லை, இடத்தில்தான் தொடங்குகின்றன.