வைஃபை நின்றுபோனால் கணினியை அழிக்கத் தேவையில்லை

எங்கள் வீடுகளில் பாவனையில் உள்ள மடிக்கணினிகளில் பல, வெளிநாட்டில் உள்ள உறவினர்கள் கொடுத்தனுப்பிய பழையவை. பிள்ளைகளின் படிப்பு, இணைய விண்ணப்பங்கள், தூரத்து உறவுகளுடன் முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் அவற்றில்தான். திடீரென ஒருநாள் திரையின் கீழ் மூலையில் வைஃபை அடையாளம் இல்லாமல் போகும். திருத்தக் கொண்டுபோனால், "விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும்" என்ற பதில் கிடைப்பதும் உண்டு.

அப்படிப் போடும்போது வன்தட்டை அழித்தால் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும். இடப்பெயர்வில் குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் இழந்தவர்கள், பிறரிடம் தேடிப் பெற்ற பிரதிகளை இத்தகைய கணினிகளில்தான் வைத்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கடைசிப் படமும், முறைப்பாட்டுக் கடிதங்களும் அதில் இருக்கலாம். வைஃபை நின்றுபோனதற்கும் அந்தக் கோப்புகளுக்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் பிழை இருப்பது 'ட்ரைவர்' எனப்படும் சிறிய மென்பொருளில்தான்.

ட்ரைவர் என்றால் என்ன?

கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையுடன் விண்டோஸ் நேரடியாகப் பேச முடியாது. இடையில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதே ட்ரைவர். விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போது பொருந்தாத ட்ரைவர் ஏறிவிட்டாலோ, இருந்தது பழுதானாலோ அட்டை நன்றாக இருந்தும் இணைப்பு கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியவை

அதே வைஃபையில் கைப்பேசி வேலை செய்கிறதா? இல்லையென்றால் பிழை ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கிறது. கணினியில் கைவைக்க வேண்டாம். கைப்பேசியில் வேலை செய்தால், கணினியில் 'எயார்பிளேன் மோட்' போடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் ஓரத்தில் வைஃபைக்கென ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதுவும் தவறுதலாக அணைந்திருக்கலாம்.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மெனேஜர்' என்பதைத் திறவுங்கள். அதில் 'நெட்வேர்க் அடப்டர்ஸ்' என்ற பகுதியை விரித்தால் மூன்றில் ஒன்றைக் காணலாம்.

வைஃபை அட்டையின் பெயரில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் போதும்.

மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால் பெரும்பாலும் ட்ரைவர் பிழை. 'புரொப்பர்டீஸ்' சென்று 'ட்ரைவர்' பகுதியில் 'ரோல் பேக் ட்ரைவர்' என்பதை அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் முன்பிருந்த ட்ரைவர் திரும்பிவிடும். அண்மைய புதுப்பிப்புக்குப் பின் வந்த பிழைக்கு இதுவே எளிய வழி.

அட்டையின் பெயரே இல்லாமல், 'அதர் டிவைஸஸ்' என்பதன் கீழ் 'நெட்வேர்க் கொன்ட்ரோலர்' என்று மட்டும் இருந்தால் ட்ரைவர் இல்லை என்று பொருள். அங்கும் இல்லையென்றால் அட்டையே பழுதாகியிருக்கலாம். அப்போதும் கணினியை அழிக்கத் தேவையில்லை, யூ.எஸ்.பி.யில் செருகும் சிறிய வைஃபை அடப்டர் ஒன்று போதும்.

இணையம் இல்லாமல் ட்ரைவரைப் பெறுவது எப்படி?

ஆன்ட்ரொயிட் கைப்பேசியை யூ.எஸ்.பி. வயரால் கணினியில் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போடுங்கள். கைப்பேசியின் இணையம் கணினிக்கு வந்துவிடும். இதற்கு வைஃபை ட்ரைவர் தேவையில்லை. பின்னர் 'விண்டோஸ் அப்டேட்' செய்தால் பல வேளைகளில் ட்ரைவர் தானாக வந்து சேரும்.

வராவிட்டால், மடிக்கணினியின் அடிப்பகுதியில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் தேடுங்கள். அட்டை எந்த நிறுவனத்துடையது என்று தெரியாவிட்டால், டிவைஸ் மெனேஜரில் 'புரொப்பர்டீஸ்', 'டீட்டெய்ல்ஸ்', 'ஹார்ட்வெயார் ஐடிஸ்' என்று செல்லுங்கள். வி, ஈ, என் என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் குறியீடு 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் அதெரோஸ், 14ஈ4 என்றால் புரோட்கொம்.

"எல்லா ட்ரைவர்களையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்" என்று அழைக்கும் மென்பொருள்களைத் தவிருங்கள். அவற்றோடு விளம்பர மென்பொருள்களும் சிலவேளை வைரஸ்களும் வந்து சேரும்.

இணைப்பு வந்து வந்து போகிறதா?

அட்டையின் 'புரொப்பர்டீஸ்' பகுதியில் 'பவர் மெனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சரிவராவிட்டால் அமைப்புகளில் 'நெட்வேர்க் ரீசெட்' செய்யலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அழியும் என்பதால் முன்கூட்டியே எழுதிவையுங்கள். படங்களுக்கோ ஆவணங்களுக்கோ இதனால் எதுவும் ஆகாது.

கடைக்குக் கொடுக்க முன்

இவற்றில் எதுவும் சரிவரவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அதற்கு முன் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு இடங்களிலும் உள்ளவற்றை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். "வைஃபை ட்ரைவரை மட்டும் பாருங்கள், கேட்காமல் ஃபோர்மட் செய்ய வேண்டாம்" என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். திருத்திய பின் அந்த ட்ரைவர் கோப்பையும் பென் ட்ரைவில் சேர்த்து வைத்தால் அடுத்த முறை கடைக்கு அலையத் தேவை இருக்காது.