சோளத்தின் நிறத்தில் இருக்கும் சூட்சுமம்

பெங்களூர் ஜோகுபாளையத்துத் தமிழருக்கு அது சோளம். பக்கத்து வீட்டுக் கன்னடருக்கு ஜோளா. பெயரைவிட நிறம்தான் முக்கியம் என்கிறது விஞ்ஞானம்.

கறுப்புச் சோளத்தின் தவிட்டில் டி-ஆக்ஸி ஆந்தோசயனின் என்ற நிறமிகள் செறிந்துள்ளன. மற்ற தானியங்களில் இவை அரிது. ஜோசப் அவிகா குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தெடுத்த நிறமிகள் மனிதப் பெருங்குடல் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுத்தன. நச்சு முறிக்கும் நொதி ஒன்றைத் தூண்டுவதில், கறுப்புச் சோளச் சாறு சிவப்பையும் வெள்ளையையும் மிஞ்சியது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இதெல்லாம் நடந்தது சோதனைக்கூடத் தட்டில்; மனிதக் குடலில் அல்ல. தின்றது செரித்த பிறகு எவ்வளவு நிறமி பெருங்குடலை எட்டும் என்பது வேறு கேள்வி. தவிர, வட கர்நாடக ரொட்டிக்குப் பேர்போன மால்தண்டி வெளிர்நிறச் சோளம். அதில் இந்த நிறமிகள் சொற்பம்.

அதற்காக ரொட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. முழுத் தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டாமல் இருந்தால் சரி.

உலகில் 2022-ல் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மலத்தில் ரத்தம் தென்பட்டால் உடனே போக வேண்டிய இடம் டாக்டரிடம். சோளம் உணவுதான், சிகிச்சை அல்ல.