உட்பொதி, தொழிலகக் கணினிகளுக்கான செயலிகள்

உட்பொதி கணினி என்பது ஓர் இயந்திரத்தின் உள்ளே அமைந்து, அதன் குறிப்பிட்ட பணியை மட்டும் செய்யும் கணினி ஆகும். துணி துவைக்கும் இயந்திரம், மின்னளவி, பணம் வழங்கும் இயந்திரம், ஏவூர்தி ஆகியவற்றில் இத்தகைய கணினிகள் உள்ளன. தொழிற்சாலைகளில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தவும் கண்காணிக்கவும் பயன்படுபவை தொழிலகக் கணினிகள் எனப்படுகின்றன. இவ்விரு வகைகளுக்கும் வேண்டிய செயலிகள் இரு வழிகளில் கிடைக்கின்றன. ஒரு பகுதி, மேசைக் கணினிகளுக்கென உருவாகிப் பின்னர் இப்பணிக்கு மாற்றியமைக்கப்பட்டவை. மற்றொரு பகுதி, தொடக்கம் முதலே இப்பணிக்கென வடிவமைக்கப்பட்டவை.

மேசைக் கணினிச் செயலிகளை ஒப்பிடும்போது வேகமும் விலையும் முதன்மையாகக் கருதப்படுகின்றன. உட்பொதி கணினியிலோ செயலி வெளியிடும் வெப்பம், தாங்கும் வெப்பநிலை, காலம் தவறாமை, எத்தனை ஆண்டுகள் சந்தையில் கிடைக்கும் என்பன முதலில் பார்க்கப்படுகின்றன. ஆகவே மிக வேகமான செயலி எல்லா இடத்திற்கும் பொருத்தமான செயலி அன்று.

## வரலாறு

முதல் வணிக நுண்செயலியான இன்டெல் 4004, 1971இல் வெளிவந்தது. இது ஜப்பானிய நிறுவனமான பிசிகாமின் கணிப்பான் ஒன்றிற்காக உருவாக்கப்பட்டது. ஆகவே நுண்செயலியின் பிறப்பே ஓர் உட்பொதி பயன்பாட்டில்தான் நிகழ்ந்தது எனலாம். மேசைக் கணினி அதற்குப் பின்னரே வந்தது. 1981இல் ஐ.பி.எம். தனிமேசைக் கணினி இன்டெல் 8088 செயலியுடன் வெளியானதும், எக்ஸ்86 குடும்பம் மேசைக் கணினிகளில் நிலைபெற்றது.

இதே காலத்தில், 1980இல், இன்டெல் 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தி அறிமுகமானது. செயலி, 4 கிலோபைட்டு நிரல் நினைவகம், 128 பைட்டு தரவு நினைவகம், நேரங்காட்டிகள், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் அனைத்தும் இதில் ஒரே சில்லில் அடங்கியிருந்தன. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8085 நுண்செயலியும் 8051 நுண்கட்டுப்படுத்தியும் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றன.

தனிமேசைக் கணினிகள் பெருகியபோது அவற்றின் மென்பொருள்களும் கருவிகளும் மலிவாகக் கிடைத்தன. எனவே தொழிற்சாலைகளும் எக்ஸ்86 செயலிகளைப் பயன்படுத்தத் தொடங்கின. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க சிறு பலகைகளுக்கான பி.சி./104 தரம் 1992இல் உருவானது. 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். பலகையை வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்தியது. இன்டெல் ஆட்டம் செயலி 2008இல் வந்தது.

## ஒப்பீட்டு அளவுகோல்கள்

### வெப்பமும் மின் நுகர்வும்

ஒரு செயலி முழுப் பணியில் இருக்கும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தை அதன் தயாரிப்பாளர் வாட் அலகில் குறிப்பிடுவார். இது வெப்ப வடிவமைப்பு அளவு எனப்படும். குளிர்விக்கும் அமைப்பு இந்த அளவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஏறத்தாழ 10 வாட்டுக்குக் குறைந்த செயலியை விசிறி இன்றி, உலோகப் பெட்டியையே வெப்பக் கடத்தியாகக் கொண்டு குளிர்விக்க இயலும். தொழிலகக் கணினியில் முதலில் பழுதாகும் பாகங்களுள் விசிறியும் ஒன்று. அது பஞ்சு, சிமெண்டுத் தூள், எண்ணெய்ப் புகை ஆகியவற்றையும் பெட்டிக்குள் இழுத்துவிடும். நூற்பாலைகளிலும் அரவை ஆலைகளிலும் விசிறியற்ற கணினிகள் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

| செயலி | ஆண்டு | உச்ச வேகம் | வெப்ப அளவு |
|---|---|---|---|
| இன்டெல் பென்டியம் 4 (570) | 2004 | 3.8 கிகாஹெர்ட்ஸ் | 115 வாட் |
| இன்டெல் ஆட்டம் இசட்530 | 2008 | 1.6 கிகாஹெர்ட்ஸ் | ஏறத்தாழ 2 வாட் |
| இன்டெல் கோர் ஐ9-13900கே | 2022 | 5.8 கிகாஹெர்ட்ஸ் | 125 வாட் (அடிப்படை) |
| இன்டெல் என்100 | 2023 | 3.4 கிகாஹெர்ட்ஸ் | 6 வாட் |
| எஸ்.டி.எம்32 எஃப்103 (ஆர்ம் கார்டெக்ஸ்-எம்3) | 2007 | 72 மெகாஹெர்ட்ஸ் | 1 வாட்டுக்கும் மிகக் குறைவு |

### தாங்கும் வெப்பநிலை

மின்னணுப் பாகங்கள் வழக்கமாக மூன்று தரங்களில் விற்கப்படுகின்றன.

* வணிகத் தரம்: 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரை
* தொழிலகத் தரம்: −40 முதல் 85 பாகை வரை
* படைத்துறைத் தரம்: −55 முதல் 125 பாகை வரை

கோடைக்காலத்தில் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் உட்புற வெப்பநிலை வெளிக்காற்றைவிடப் பல பாகை மிகுதியாக இருக்கும். எனவே உறைபனி இல்லாத தமிழ்நாட்டுச் சமவெளியிலும் தொழிலகத் தரம் தேவைப்படுகிறது.

### காலம் தவறாமை

மேசைக் கணினியில் சராசரி வேகம் முக்கியமானது. கட்டுப்பாட்டுக் கணினியில் மிக மோசமான நிலையில் எவ்வளவு தாமதம் ஆகும் என்பதே முக்கியமானது. ஒரு பொதி கட்டும் இயந்திரத்தின் பட்டை நொடிக்கு 1 மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். வெட்டும் கத்திக்குக் கட்டளை 1 மில்லிநொடி தாமதித்தால் வெட்டு 1 மில்லிமீட்டர் தவறும். 50 மில்லிநொடி தாமதித்தால் 5 சென்டிமீட்டர் தவறும். நாள் முழுதும் சரியாக இயங்கி ஒரே ஒரு முறை தாமதித்தாலும் அந்த ஒரு பொதி பாழாகும். மனிதர் அருகில் நிற்கும் இயந்திரமாயின் விளைவு இன்னும் கடுமையானது.

மேசைக் கணினிச் செயலிகளில் வேகத்தைக் கூட்டுவதற்காக இடைமாற்று நினைவகம், முன்கணித்துச் செயற்படுத்தல், சுமைக்கேற்ப வேகத்தை மாற்றுதல் போன்ற உத்திகள் உள்ளன. இவை சராசரி வேகத்தை உயர்த்தும். ஆனால் ஒரு நிரல்பகுதி முடிய ஆகும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதபடி செய்துவிடும். கார்டெக்ஸ்-எம்3 போன்ற நுண்கட்டுப்படுத்திகளில் குறுக்கீட்டுக் கோரிக்கை வந்ததிலிருந்து 12 கடிகாரச் சுற்றுகளில் அதற்கான நிரல் தொடங்கிவிடும். 72 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இது ஒரு மைக்ரோநொடியில் ஆறில் ஒரு பங்காகும்.

முன்கணித்துச் செயற்படுத்தல் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கும் இடமளித்தது. 2018 சனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய குறைபாடுகள் பெரும்பாலான மேசைக் கணினிச் செயலிகளைப் பாதித்தன. கட்டளைகளை வரிசைப்படியே செய்யும் எளிய செயலிகள் பல இவற்றிலிருந்து தப்பின.

### கிடைக்கும் காலம்

ஒரு மேசைக் கணினிச் செயலி பொதுவாகச் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்துவிடும். ஒரு தொழிற்சாலை இயந்திரமோ 15 அல்லது 20 ஆண்டுகள் உழைக்கும். அதன் கட்டுப்பாட்டுப் பலகை பழுதாகும்போது அதே செயலி கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் உள்ள இயந்திரமும் பயனற்றுப் போகும். இதனால் உட்பொதி செயலித் தயாரிப்பாளர்கள் சில வகைகளுக்கு 10 அல்லது 15 ஆண்டுகள் வரை வழங்கல் உறுதி அளிக்கின்றனர். 1985இல் வெளிவந்த இன்டெல் 80386, மேசைக் கணினிகளில் வழக்கொழிந்த பின்னரும் உட்பொதி பயன்பாட்டுக்காக 2007 வரை தயாரிக்கப்பட்டது. இதற்கு மாறான நிகழ்வுகளும் உண்டு. உட்பொதி கருவிகளுக்கென 2013இல் அறிவிக்கப்பட்ட இன்டெல் குவார்க் வரிசை நிறுத்தப்படும் என 2019இலேயே அறிவிக்கப்பட்டது.

மென்பொருளின் ஆயுளும் இதனுடன் இணைந்தது. பணம் வழங்கும் இயந்திரங்களுள் பல, மேசைக் கணினிக்குரிய செயலியும் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளமும் கொண்டவையாக இருந்தன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்பிரலில் முடிந்தது. ஆதரவற்ற இயங்குதளங்களை 2019 சூனுக்குள் மாற்றி முடிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

### நம்பகத்தன்மை

நீண்ட காலம் இடைவிடாது இயங்கும்போது மட்டுமே தெரியவரும் பழுதுகளும் உண்டு. வலையமைப்புக் கருவிகளில் பரவலாகப் பயன்பட்ட ஆட்டம் சி2000 வரிசையில் ஒரு கடிகாரச் சமிக்ஞை காலப்போக்கில் நலிந்து கருவியே நின்றுபோகக்கூடும் என 2017இல் தெரியவந்தது. உட்பொதி செயலிகளில் காவல் நேரங்காட்டி என்னும் பகுதி இருக்கும். நிரல் குறித்த இடைவெளியில் அதற்குச் சமிக்ஞை தராவிட்டால், அது செயலியை மறுதொடக்கம் செய்துவிடும்.

## விண்வெளியில் மேசைக் கணினிச் செயலிகள்

மேசைக் கணினிச் செயலி உட்பொதி பணிக்கு மாறியதற்கு விண்கலங்கள் தெளிவான சான்றாகும். அபிள் விண்வெளித் தொலைநோக்கியில் 1999 திசம்பரில் 25 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 80486 செயலி பொருத்தப்பட்டது. அவ்வேளையில் மேசைக் கணினிகளில் பென்டியம் 3 செயலி 500 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் இயங்கிக்கொண்டிருந்தது. 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் ராட்750 செயலி, ஆப்பிளின் ஜி3 கணினிகளில் இருந்த பவர்பிசி 750 செயலியின் கதிர்வீச்சு தாங்கும் வடிவம் ஆகும். பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, குறைகள் அறியப்பட்ட செயலி என்பதே இத்தெரிவுகளில் வேகத்தைவிடப் பெரிதாகக் கருதப்பட்டது.

## ஓர் எடுத்துக்காட்டு: மலைப்பகுதி வானிலைப் பதிவி

மேற்கூறிய அளவுகோல்கள் இடத்திற்கேற்ப எவ்வாறு மாறுகின்றன என்பதை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த கரடியூர் போன்ற ஓர் ஊரின் காப்பித் தோட்டத்தில், மழையளவையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் கருவி ஒன்றை நிறுவுவதாகக் கொள்வோம். மின்கம்பி எட்டாத இடமாதலால் அது சூரியத் தகட்டையும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தையும் நம்பியிருக்கும். அம்மின்கலத்தின் கொள்ளளவு 1200 வாட்-மணி ஆகும். மழைக்காலத்தில் மூடுபனியும் மேகமும் சூழ்ந்தால், தகடு பல நாள்கள் போதிய மின்சாரம் தராது.

* 60 வாட் செலவாகும் மேசைக் கணினி: 20 மணி நேரம் இயங்கும்.
* 10 வாட் செலவாகும் குறைமின் எக்ஸ்86 பலகை: 5 நாள்கள் இயங்கும்.
* 0.05 வாட் செலவாகும் நுண்கட்டுப்படுத்திக் கருவி: கணக்கின்படி 1000 நாள்கள். நடைமுறையில் மின்கலத்தின் தன்னிழப்பே இதன் எல்லையைத் தீர்மானிக்கும்.

உயரமும் ஒரு காரணியாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 86 விழுக்காடே. எனவே அதே விசிறி அங்கே குறைவான வெப்பத்தையே அகற்றும். மலையின் குளிர்ச்சி இதனைப் பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆனால் மூடுபனியின் ஈரம் பலகையின்மேல் படிந்து அரிப்பை உண்டாக்கும் என்பதால் பெட்டியைக் காற்றுப் புகாது மூட வேண்டும். மூடிய பெட்டிக்குள் விசிறியால் வெளிக்காற்றைச் செலுத்த இயலாது. ஆகவே இங்கு மிகக் குறைந்த வெப்பம் வெளியிடும் செயலியே பொருந்தும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சில எண்களைப் பதிவு செய்ய அதன் வேகம் போதுமானதற்கும் மேலாகும்.

ஆனால் அதே தோட்டத்தில் காப்பிக் கொட்டைகளை ஒளிப்படக்கருவி மூலம் தரம் பிரிக்கும் இயந்திரம் அமைப்பதாயின் நிலை மாறும். நொடிக்குப் பல படங்களை ஆராய நுண்கட்டுப்படுத்தியின் திறன் போதாது. அங்கே மின்கம்பி இணைப்பும் எக்ஸ்86 அல்லது உயர்நிலை ஆர்ம் செயலியும் வேண்டும்.

## இந்தியச் செயலிகள்

2020 முதல் ஏற்பட்ட உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டின்போது இந்திய மோட்டார் வாகன நிறுவனங்களும் 2021இல் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. அப்போது பெரிதும் தட்டுப்பட்டவை அதிவேகச் செயலிகள் அல்ல. பழைய தொழில்நுட்பத்தில் தயாராகும் எளிய நுண்கட்டுப்படுத்திகளே. உட்பொதி செயலிகளை உள்நாட்டிலேயே வடிவமைப்பதன் தேவையை இது உணர்த்தியது.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு சக்தி என்னும் செயலிக் குடும்பத்தை உருவாக்கியது. இது 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. இக்கட்டளைத் தொகுதிக்கு உரிமத் தொகை இல்லை. சக்தியின் வடிவமைப்பும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டுள்ளது. எனவே ஒரு தயாரிப்பாளர் கைவிட்டாலும் மற்றொருவர் அதே செயலியைத் தயாரிக்க முடியும். இதன் இ வகுப்பு சிறு உட்பொதி கருவிகளுக்கும், சி வகுப்பு கட்டுப்பாட்டுப் பணிகளுக்கும், ஐ வகுப்பு மேசைக் கணினி போன்ற பணிகளுக்கும் உரியன. 2018இல் ஒரு சில்லு இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், ரிமோ என்னும் சில்லு சண்டிகரை அடுத்த குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் தயாராயின. மௌசிக் என்னும் சில்லு 2020இல் வந்தது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவூர்திகளில் 2009 முதல் விக்ரம் 1601 என்னும் 16 பிட்டுச் செயலி பயன்பட்டு வந்தது. அதன் 32 பிட்டு வடிவமான விக்ரம் 3201, 2025 மார்ச்சில் அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சக்தியை அடிப்படையாகக் கொண்ட ஐரிஸ் என்னும் விண்வெளிக் கட்டுப்படுத்தி 2025 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 180 நானோமீட்டர் தொழில்நுட்பம் மேசைக் கணினிகளில் 2000ஆம் ஆண்டளவில் வழங்கியதாகும். மேசைக் கணினிக்குப் பழையதாகிவிட்ட இத்தொழில்நுட்பம் ஏவூர்திக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் இன்றும் போதுமானதாக உள்ளது.

## தேர்வு

நடைமுறையில் பல தொழிற்சாலைகள் இரு வகைகளையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. இயந்திரத்தை இயக்கும் பொறுப்பு நுண்கட்டுப்படுத்தி அல்லது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்படுத்தியிடம் விடப்படுகிறது. திரையில் காட்டுதல், பதிவேடு வைத்தல், அலுவலகத்துடன் தொடர்பு கொள்ளுதல் ஆகியவை எக்ஸ்86 கணினியிடம் விடப்படுகின்றன. இவ்வாறு பிரிக்கும்போது திரைக்கணினி நின்றுபோனாலும் இயந்திரம் பாதுகாப்பாக இயங்கும் அல்லது பாதுகாப்பாக நிற்கும். ஒரு செயலியைத் தெரிவு செய்வதற்கு முன், அது நின்றுபோனால் என்ன ஆகும், பத்து ஆண்டுகள் கழித்து அதற்கு மாற்று கிடைக்குமா என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பது பொறியாளரின் முதற் கடமையாகக் கருதப்படுகிறது.