வீட்டிற்குள் இலக்கணமும் கணக்கும்

தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், நாலைந்து வயதுக் குழந்தைகள் தமிழைக் கேட்பது பெரும்பாலும் வீட்டுச் சுவர்களுக்குள்ளேதான். தெருவில் ஒரு மொழி. பள்ளியில் இன்னொரு மொழி. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தார் நடத்தும் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. ஆயினும் அத்தகைய வாய்ப்புக் கிட்டாத குழந்தைகள் பலர். இந்த நிலையில், இலக்கணமும் கணக்கும் பள்ளியின் பொறுப்பு என்று பெற்றோர் ஒதுங்கிவிட்டால், தமிழ் அக்குழந்தைக்குச் சோறு கேட்கவும் தூக்கம் வந்ததைச் சொல்லவும் மட்டுமே பயன்படும் மொழியாகச் சுருங்கிவிடுகிறது.

எண்ணுதல் என்ற ஒரே சொல் நம் மொழியில் சிந்திப்பதையும் குறிக்கிறது, தொகையிடுவதையும் குறிக்கிறது. அவ்விரண்டையும் வீட்டிலேயே பழக்க முடியும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் கைகூட வேண்டும் என்ற நோக்குடன் நடுவண் அரசு 2021 ஜூலையில் நிபுண் பாரத் இயக்கத்தைத் தொடங்கிற்று. அது பள்ளிகளுக்கான ஏற்பாடு. நான் இங்கே பேச விரும்புவது அடுக்களையிலும் தாழ்வாரத்திலும் நடக்கக்கூடியவற்றைப் பற்றியே.

முதலில் இலக்கணம். இச்சொல்லைக் கேட்டதும் நன்னூலையும் பிரம்பையும் நினைத்து நடுங்க வேண்டுவதில்லை. மூன்று வயதுக் குழந்தை பேசும்போதே இலக்கணம் அதன் நாவில் இயங்குகிறது. அதை விளையாட்டாக வெளிக்கொணர்வதே நம் வேலை.

எடுத்துக்காட்டாக, 'நாம்', 'நாங்கள்' என்னும் இரு சொற்களைப் பாருங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விலக்கினால் நாங்கள். மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று இதே வேறுபாடு இருப்பதால் மும்பைக் குழந்தைக்கு இது தெருவிலும் கேட்கிறது. இந்தியில் இரண்டிற்கும் 'ஹம்' ஒன்றே, ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகவே தில்லியில் வளரும் குழந்தை இவ்வேறுபாட்டை நழுவவிட்டுவிடக் கூடும். இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. "நாம் கடைக்குப் போகிறோம்" என்று தாய் சொன்னால், குழந்தை ஓடிச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். "நாங்கள் கடைக்குப் போகிறோம்" என்றால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு கட்டளையிடும் முறை குழந்தைக்கு வரட்டும். தன்னை விட்டுவிட்டுப் போகிறார்களா, அழைத்துப் போகிறார்களா என்பதைவிடக் கூர்ந்து ஒரு குழந்தை கேட்கக்கூடிய செய்தி வேறு என்ன இருக்கிறது?

திணை வேறுபாடும் அவ்வாறே. இந்தியில் நாற்காலி பெண்பால், வீடு ஆண்பால். தமிழிலோ பொருளை நோக்கியே பாகுபாடு; தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே திணையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'வந்தது' என்று முடிவதற்கு உட்காரவும், 'வந்தாள்', 'வந்தார்' என்று முடிவதற்கு எழுந்து நிற்கவும் பழக்கலாம். பூனை, பாட்டி, மழை, தபால்காரர் என்று போய், நடுவே 'குழந்தை' என்று சொல்லிப் பாருங்கள். உட்காருவதா, நிற்பதா என்று வழக்கு எழும். அவ்வழக்கைத் தீர்த்து வைக்க அவசரப்படாதீர்கள்.

குழந்தை "மாமா வந்தது" என்று சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், கடியவும் வேண்டாம். "ஆமாம், மாமா வந்தார், என்ன கொண்டு வந்தார்?" என்று பேச்சைத் தொடர்ந்தால் போதும். திருத்தம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொற்சங்கிலி நல்லது. ஒருவர் சொல்லும் சொல்லின் இறுதி எழுத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். மெய்யெழுத்தில் முடிந்தால் அதனோடு உயிரைச் சேர்த்துக்கொள்ளலாம். மரம், மயில் என்று வந்ததும் 'ல'வில் ஆட்டம் முட்டிக்கொள்ளும். 'லட்டு' என்பான் பையன். அடுத்து 'டப்பா' வரும். 'பழம்' நடந்துவிடும், 'தேள்' என்றாலோ வழியே இல்லை. எந்தெந்த எழுத்துகளில் சொல் தொடங்குவதில்லை என்று அவனையே ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் சில நாட்களில் அப்பட்டியலில் சேர்ந்துவிடும். லட்டும் ரொட்டியும் டப்பாவும் பிற மொழிகளிலிருந்து வந்தவை என்பதும், பழைய நூல்களில் லட்சுமணனை இலக்குவன் என்று எழுதியதன் காரணமும் அப்போது விளங்கும். விதியைச் சொல்லிக் கொடுப்பதைவிட, அதன்மேல் முட்டிக்கொள்ள விடுவது மேல் என்பது என் கருத்து.

இனிக் கணக்கு. தமிழ் எண்ணுப்பெயர்களே ஒரு பாடப்புத்தகம் எனலாம். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்தைந்து என்றால் இரு பத்தும் ஐந்தும். இந்தியில் 'பச்சீஸ்' என்பதற்குள் இருபதும் ஐந்தும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. பள்ளியில் அவ்வெண்களை மனப்பாடம் செய்யும் குழந்தைக்கு, வீட்டில் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து, தமிழ்ப் பெயரை உரக்கச் சொல்லச் சொன்னால் இடமதிப்பு கண்முன் நிற்கும். ஆனால் இந்தி 'உன்தீஸ்' ஒன்றைக் கற்றுத் தருகிறது: முப்பதுக்கு ஒன்று குறைவு என்பதே அதன் பொருள். இரு வழியாகவும் 29ஐ அமைத்துக் காட்டினால் கூட்டலும் கழித்தலும் ஒருசேரக் கிடைக்கின்றன.

தமிழிலும் ஒரு புதிர் உண்டு. ஒன்பதில் 'பது' ஒலிக்கிறது. தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. ஒன்பது மட்டும் தனக்கு அடுத்த வீட்டுப் பெயரை ஏன் சூட்டிக்கொண்டது என்று குழந்தை கேட்குமானால், அது எண்களைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பல்லாங்குழிப் பலகை இல்லாத வீட்டில் பதினான்கு கிண்ணங்கள் போதும். புளியங்கொட்டைக்குப் பதில் ராஜ்மா. குழிக்கு ஐந்தாயின் மொத்தம் 70, ஆறாயின் 84. ஆடத் தொடங்குமுன் எத்தனை வேண்டும் என்று குழந்தையே எடுத்து வைக்கட்டும். எங்கிருந்து அள்ளினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிப் பார்ப்பதிலேதான் ஆட்டத்தின் கணக்கு இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அருகில் இருந்தால் விதைகளை எட்டாத இடத்தில் வையுங்கள்; வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

கோலமும் அப்படியே. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் 25 புள்ளிகள். நடுவரிசைக்கு மேல் எத்தனை, கீழே எத்தனை என்று கேளுங்கள். மேலே ஒன்பது, கீழே ஒன்பது, நடுவில் ஏழு என்று கூட்டிச் சொல்லும் குழந்தை, ஒவ்வொன்றாக எண்ணும் படியைக் கடந்துவிட்டது.

பின்னத்திற்குத் தோசை இருக்கிறது. இரண்டாக மடித்தால் அரை, மீண்டும் மடித்தால் கால், இன்னும் ஒருமுறை மடித்தால் அரைக்கால். அதிலும் பாதி வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருமுன் ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்ததால், நம் பாட்டிமாருக்கு வீசம் அன்றாடச் சொல்லாக இருந்தது. தில்லிக் காய்கறிக்காரர் கால் கிலோவைப் 'பாவ்' என்பார், ஒன்றரைக் கிலோவை 'டேட்' கிலோ என்பார், இரண்டரையை 'டாயி' என்பார். அவர் இந்தியில் சொல்லும் நிறையைக் குழந்தை தமிழில் சொல்ல வேண்டும், பிறகு கிராமில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாசலுக்கு வரும் அந்தக் கால்மணி நேரம் இதற்குப் போதும்.