தலையில் ஏறும் படகு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அமெரிக்கக் காட்டுக்குள் ஒரு மனிதர் ஒடுக்கமான கெனூ படகில் தன்னந்தனியாக வாரக்கணக்கில் போகும் படம் ஒன்றைப் பார்த்தாராம். தண்ணீர் தீர்ந்த இடத்தில் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார், அடுத்த ஏரி வந்ததும் இறக்கிவைத்து ஏறிக்கொள்கிறார். ‘இந்த மாதிரிப் படகு நம்மிடம் உண்டா? நம் மலையில் இப்படிப் போக முடியுமா?’ என்று இரண்டு கேள்விகள்.

இரண்டாவதற்குப் பதில் சுருக்கம்: முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு நம்முடையது. ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆறாகட்டும், வத்திராயிருப்புப் பக்கத்து ஓடைகளாகட்டும், உச்சியிலிருந்து அடிவாரத்துக்குச் சில கிலோமீட்டரிலேயே இறங்கிவிடுகின்றன. பெருகினால் ஆளை உருட்டும். வற்றினால் உருண்டைக் கற்கள்தான் மிச்சம். போதாக்குறைக்கு இந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது, துடுப்பு எங்கே வைப்பது?

முதல் கேள்விக்குப் பதில் நீளமானது. உண்டு. நம் மாநிலத்தின் வடமேற்குப் பகுதிக் காட்டாறுகளில் இன்றும் ஓடுகிறது. பரிசல்.

வாசகர் பார்த்தது எந்த ஆறு என்று எழுதவில்லை. அந்த வகைப் பயணங்களில் பேர்பெற்ற ஒரு வழியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ‘வடகாட்டுக் கெனூ வழி’ என்று ஒன்றை 2006-ல் திறந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஓல்டு ஃபோர்ஜ் என்ற ஊரில் தொடங்கி, வெர்மான்ட், கனடாவின் கியூபெக், நியூ ஹாம்ப்ஷயர் வழியாக மெய்ன் மாநிலத்து ஃபோர்ட் கென்ட்டில் முடிகிறது. நீளம் சுமார் 1,190 கிலோமீட்டர். புதிதாக யாரும் கால்வாய் வெட்டவில்லை. அந்த மண்ணின் பழங்குடிகள் காலங்காலமாகப் போய்வந்த ஆறுகளையும் ஏரிகளையும் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கோக்கும் நூல் நடைபாதை. வழியில் 60-க்கும் மேற்பட்ட இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். எல்லாம் கூட்டினால் 80 கிலோமீட்டருக்கு மேல் வரும். அருவியைச் சுற்றி, அணையைச் சுற்றி, ஒரு நீர்ப்பிடிப்பிலிருந்து மேடேறி இன்னொன்றுக்கு. தனியாகப் போகிறவருக்கு இது இரட்டை வேலை. முதல் நடையில் மூட்டை, திரும்பிவந்து இரண்டாம் நடையில் படகு.

பழைய கெனூவை பிர்ச் மரப்பட்டையில் செய்தார்கள். சீடர் மரச் சட்டங்களுக்கு மேல் பட்டையைப் போர்த்தி, மர வேரால் தைத்து, தையலில் பிசின் பூசிவிடுவார்கள். ஓட்டை விழுந்தால் காட்டிலேயே மருந்து கிடைக்கும். இந்தப் படகுகளை வைத்துத்தான் ஐரோப்பியர்கள் கனடாவில் தோல் வியாபாரம் நடத்தினார்கள். பெரிய சரக்குப் படகு 36 அடி நீளம். கூலியாட்கள் ஆளுக்கு 40 கிலோ மூட்டை இரண்டைத் தோல்வாரில் கட்டி, வாரை நெற்றியில் கொடுத்துச் சுமந்து நடந்தார்கள்.

நம் பரிசலின் எலும்பு மூங்கில். பிளந்து சீவிய பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பில் தடிமனாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். வெளியே முன்பு மாட்டுத்தோல். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தார்ப்பூச்சும். சுற்றுலாப் படகுத்துறைகளில் கண்ணாடியிழைப் பரிசலும் வந்துவிட்டது. பொருளெல்லாம் கைவசம் இருந்தால் தேர்ந்த கைக்கு ஒரு பரிசல் ஒரு நாள் வேலை. ஆணி கிடையாது. பாறையில் இடித்தால் பலகைப் படகு பிளக்கும், மூங்கில் வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய உருவத்துக்கு வரும்.

எத்தனை ஆழம் வேண்டும் என்று பாருங்கள். 8 அடி குறுக்களவுள்ள பரிசலின் அடிப்பரப்பு ஏறக்குறைய 50 சதுர அடி. அது 3 அங்குலம் அமிழ்ந்தால் பன்னிரண்டரைக் கன அடித் தண்ணீர் விலகும். விலகிய தண்ணீரின் எடை சுமார் 350 கிலோ. அதாவது பரிசலும் ஐந்து ஆட்களும். ஓரம் வளைந்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாக அமிழும். இருந்தாலும் முழங்கால் நனையாத தண்ணீரிலும் ஓடும். பாறையும் மணல்திட்டும் நிறைந்த ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான படகு ஏது?

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வட்டமான படகுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு அது எப்படி நேராகப் போகிறது?

கெனூவின் நீளமே அதற்கு நேர்கோடு. ஆனாலும் தனியாள் பின்புறம் உட்கார்ந்து வலப்பக்கமே வலித்துக்கொண்டிருந்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். அதற்காக ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை வெளிப்பக்கமாகச் சற்றுத் திருப்பித் தள்ளுகிறார்கள்; விலகிய திசை அங்கேயே சரியாகிவிடும். பரிசலில் பின்னால் உட்கார்ந்து இதையே செய்துபாருங்கள். ஒரு வலிப்புக்கு அரை வட்டம், இரண்டாவதற்கு முழு வட்டம். கரையில் நிற்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பரிசல்காரர் போகும் திசையைப் பார்த்து முன் விளிம்பில் உட்காருகிறார். துடுப்பை எட்டி முன்னால் ஊன்றி, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். இடம் ஒன்று, வலம் ஒன்று. அவர் படகைத் தள்ளவில்லை, இழுத்துக்கொண்டு போகிறார். ஆண்டாள் தேரை ஆடிப்பூரத்தன்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் வடம் பிடித்து இழுக்கும்வரை தேர் வடத்தின் பின்னாலேயே வரும். பின்னாலிருந்து மட்டும் தள்ளினால் எந்த வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இழுக்கும் விசை முன்னால் இருந்து, எடை பின்னால் தொடர்ந்து வந்தால், கோணல் தானாகவே நேராகும். தள்ளும் விசை பின்னால் இருந்தால் சின்னக் கோணலும் பெரிதாகும். பரிசலில் இருக்கும் பௌதிகம் முழுவதும் இதுதான்.

சுழலுவதைக் குறை என்றும் நினைக்கவேண்டாம். ஆற்றுச் சுழிப்பில் நீளப் படகு குறுக்கே மாட்டினால் நீர் அதைப் பக்கவாட்டில் அழுத்திக் கவிழ்த்துவிடும். பரிசலுக்குக் குறுக்கு என்பதே கிடையாது. சுற்றிக்கொண்டு வெளியே வரும், ஓட்டுகிறவர் மறுபடி முன் விளிம்பைத் தேர்ந்துகொள்வார்.

விஜயநகரத்துக்கு 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் துங்கபத்திரையில் இதைப் பார்த்தார். கூடை போல வட்டம், உள்ளே பிரம்பு, வெளியே தோல், 15, 20 பேரை ஏற்றும், சுற்றிச் சுற்றியே போகும் என்று எழுதிவைத்தார். அவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோன் நகரத்தின் வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் ஒரு செய்தி எனக்குத் தீராத வியப்பு. ஆர்மீனியாவிலிருந்து ஆற்றோடு சரக்கு ஏற்றி வரும் ஒவ்வொரு படகிலும் ஓர் உயிருள்ள கழுதை நிற்குமாம். பாபிலோன் வந்ததும் சரக்கை விற்று, படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து யார் துடுப்பு வலிப்பது?

ஒகேனக்கல் பரிசல்காரருக்குக் கழுதை இல்லை, தன் தலை உண்டு. தண்ணீர் குறைந்த காலத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு பாறை தாண்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்பு வட்டமும் கீழே இரண்டு கால்களும்தான் தெரியும். பிர்ச் காட்டுக்காரரும் காவிரிக்கரைக்காரரும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்ததல்ல. இரண்டு பேருக்கும் வாய்த்தது துண்டுபட்ட ஆறு. துண்டுபட்ட ஆற்றில் ஓட்டுகிறவனுக்குத் தூக்க முடிந்த படகுதான் படகு.

பரிசல் என்றால் ஒகேனக்கல் சுற்றுலா, பொரித்த மீன், புகைப்படம் என்றே நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் நீலகிரி மாவட்டத்தில் தெங்குமரஹாடா என்று ஓர் ஊர் உண்டு. பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் போகும் பேருந்து மாயாற்றங்கரையோடு நின்றுவிடும், ஊர் அக்கரையில். பிள்ளைத்தாய்ச்சியானாலும் ரேஷன் மூட்டையானாலும் பரிசலில்தான் கடக்கவேண்டும். ஆற்றில் முதலை உண்டு, கரையில் யானை உண்டு. வெள்ளம் வந்தால் ஊர் தீவு. ஊரையே வேறிடத்துக்கு மாற்றும் பேச்சும் நடக்கிறது. காவிரியில் ஒகேனக்கல்லுக்குக் கீழே, 1934-ல் கட்டிமுடித்த மேட்டூர் நீர்த்தேக்கத்தில், மீனவர்கள் பரிசலில்தான் வலைபோடுகிறார்கள். நீர்மட்டம் இறங்கும் காலத்தில் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வருமே, அந்தத் தண்ணீர்தான். விடியுமுன் கிளம்பும் தனியாள் பயணம். அதை யாரும் சாகசம் என்று சொல்வதில்லை, பிழைப்பு என்கிறோம்.

பரிசல்காரரின் பிழைப்பும் அவர் கையில் இல்லை. நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. கூடாமல் போனால் பாறை. தடை சரிதான், உயிர் பெரிது. ஆனால் தடை இல்லாத நாளில் அளவுக்கு மேல் ஆளை ஏற்றச்சொல்லி நச்சரிப்பதும், உயிர்காப்பு உடையை ‘படத்துக்கு நன்றாக இல்லை’ என்று கழற்றிவைப்பதும் நாம்தான். ஆற்றின் நடுவே நின்று சுற்றிக்காட்டச் சொல்லிக் கூச்சலிடுவதும் நாம்தான். ஓட்டுகிறவருக்கு எந்தப் பாறை எத்தனை அடியில் இருக்கிறது, எந்தச் சுழி எந்த மாதம் இடம் மாறும் என்பதெல்லாம் மனப்பாடம். அதில் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்களேன்.

நம் கண்மாய்களில் இந்த மனப்பாடம் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். எங்கள் பக்கத்தில் மீன்பிடிக்கிறவர்கள் லாரி டியூபிலும் தெர்மாகோலிலும் மிதக்கிறார்கள், மற்றவர்கள் கரைச் சாலையில் வண்டியில் போய்விடுகிறார்கள். தண்ணீர்மேல் யாரும் போகாததால், எந்த மூலையில் சாக்கடை சேர்கிறது, சீமைக்கருவேலம் எத்தனை தூரம் உள்ளே வந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கர்களின் அந்தக் கெனூ வழியில் சுமைப்பாதைகளைச் சீர்செய்வதில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. போகிறவர்கள் இருப்பதால் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கண்மாயில் பரிசல் விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனி, ஆடியில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது, உங்கள் ஊர் வரத்துக்கால்வாயை, அது கண்மாயில் சேரும் இடத்திலிருந்து அடிவாரம்வரை, காப்பக எல்லையைத் தொடாமல், ஒரு முறை காலால் நடந்து பாருங்கள். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே யார் வேலி போட்டுவிட்டார்கள் என்பதைத் தாளில் குறித்துப் பஞ்சாயத்திலும் நீர்வளத் துறையிலும் எழுதிக் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்துவிட்டால், அந்த வருஷத்து மழை அந்த வருஷமே கண்மாய்க்கு வந்து சேரும்.