எண்ணெய் அல்லாத எண்ணெய்

எள்ளின் நெய்யே எண்ணெய் என்பது தமிழறிந்தார் அறிந்தது. நாளடைவில் அப்பெயர் தேங்காய்க்கும் வேம்புக்கும் மண்ணுக்கும் உரியதாயிற்று. எனினும், நீரோடு கலவாமை என்னும் பண்பொன்றேனும் அவற்றுக்கெல்லாம் பொதுவாக நின்றது. மோட்டார் வண்டியிலே ‘பிறேக் எண்ணெய்’ என வழங்கும் பொருளுக்கோ அப்பண்பும் இல்லை. கிளைக்கோல் வகையைச் சார்ந்த அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் தன்பால் ஈர்த்துக்கொள்வது. பெயரை நம்பி அதிலே இயந்திர எண்ணெயை வார்ப்பாரும் உளர். வார்த்தால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெடும், வண்டி நில்லாது.

புளியங்குளத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி எம்மூரை ஊடறுத்துச் செல்கின்றது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார்கள் வடபுலத்தில் இன்றும் ஓடுகின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் அரிதானபோது, பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடச்செய்தனர் நம்மவர். ஓட்டும் வித்தை கற்றோம். நிறுத்தும் திரவத்தை மாற்றுவதையோ பலர் மறந்தனர்.

மிதியை அழுத்துமிடத்து அவ்வழுத்தத்தைத் திரவம் நான்கு சில்லுகளுக்கும் கொண்டுசெல்லும். 17ஆம் நூற்றாண்டிலே பஸ்கால் வகுத்த விதி இது. ஈரம் சேரின் கொதிநிலை தாழும். டொட் 3 வகைக்குப் புதிதாயிருக்கையில் வகுத்த கீழெல்லை 205 பாகை செல்சியசு. ஈரமேறியபின் 140 பாகையே. மலையிறக்கத்தில் திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அழுத்தத்தில் சுருங்கும். மிதி தரையைத் தொடும். சமவெளியான வன்னியிலோ அவ்வீரம் உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மாடு குறுக்கிடும் வேளையில் இரண்டின் பயனும் ஒன்றே.

ஆதலின் இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று. இதற்கு இருவர் வேண்டும். மொறிஸ் மைனரிலே தலைமை உருளை சாரதியின் காலடித் தளத்தின்கீழ் உள்ளது. அதற்கு மிகத் தொலைவான சில்லில் தொடங்குக. ஒருவர் மிதியை அழுத்தி வைத்திருக்க, மற்றவர் சில்லின் உட்புறத்துள்ள நிப்பிளை இளக்கி, குழாய்வழியே பழையதைப் போத்தலில் வடித்தல் வேண்டும். மிதியை விடுமுன் நிப்பிளை இறுக்குக. தவறின் காற்றுப் புகும். குமிழியற்ற தெளிந்த திரவம் வருமளவும் இதனைச் செய்து, நான்கு சில்லுகளையும் முடிக்க. தலைமை உருளை வற்றாவண்ணம் புதிதாய்த் திறந்த போத்தலிலிருந்து நிரப்பிவருக. வடித்ததை மீண்டும் வார்க்கலாகாது. வர்ணத்தில் பட்டால் உடனே நீர்விட்டுக் கழுவுக. மிதி உறுதியாய் நிற்பதைக் கண்டபின்னரே வண்டியை வீதியில் இறக்குக.

ஆசிரியர்கள் இனியேனும் அதனைப் ‘பிறேக் திரவம்’ என்றே சொல்லிக்கொடுப்பார்களாக. பள்ளிப்பிள்ளைகள் நடக்கும் வீதியில் ஒரு சொற்பிழைக்கு உயிரை விலையாகக் கொடுக்கலாகாது.